“அப்ளை பண்ணிட்டேன், இன்னும் வரலையே!” – எதிர்பார்ப்பும் மனநிறைவும்

(மின்சேவைகள் குறித்த விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். ஒரே நாளில், ஒரே இ-சேவை மையத்தில், இரண்டு பேர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். இன்னொருவர் கல்லூரியில் படிக்கிற பொண்ணு. இரண்டு பேருமே 60 ரூபாய் கட்டணம் செலுத்துகிறார்கள். இரண்டு பேருக்கும் பத்தாவது நாள் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

பெரியவர் என்ன சொல்வார்? “பரவாயில்லப்பா, அந்தக் காலத்துல தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்திருப்பேன்! இப்போ உட்கார்ந்த இடத்துல வந்துடுச்சு” என்பார். அந்தப் பொண்ணு? “ஆன்லைன்னு சொன்னாங்க, பத்து நாள் ஆக்கிட்டாங்க” என்று சலித்துக்கொள்வாள்.

சேவை ஒன்று. கட்டணம் ஒன்று. நாள் கணக்கும் ஒன்று. ஆனால் ஒருவருக்கு மனநிறைவு, இன்னொருவருக்கு எரிச்சல். வித்தியாசம் கம்ப்யூட்டரில் இல்லை. விண்ணப்பிக்கும் முன்பு அவரவர் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கில் இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப் போவது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

ஆய்வாளர்கள் சொல்வது என்ன?

இது ஏதோ நாமாகச் சொல்கிற விஷயம் இல்லை. ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளை வாங்கியவர் திருப்தி அடைவது அந்தப் பொருளின் தரத்தை மட்டும் பொறுத்தது இல்லை. அவர் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்ற ஒப்பீட்டையும் பொறுத்தது என்று அவர் விளக்கினார். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் மகிழ்ச்சி, குறைந்தால் ஏமாற்றம்.

அனோல் பட்டாச்சார்ஜி என்ற பேராசிரியர் 2001-இல் இதே கருத்தைத் தகவல் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவந்தார். ஆன்லைன் வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களிடம் ஆய்வு செய்து, ஒருவர் ஒரு சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவாரா, பாதியில் விட்டுவிடுவாரா என்பதில் முதல் அனுபவத்தில் எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று காட்டினார்.

இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பெர்னடெட் சைனா, ரிச்சர்ட் ஸ்காமெல் என்ற இருவர் 1993-இல் வெளியிட்டது. கம்ப்யூட்டர் அமைப்பு ஒன்றைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் அந்த அமைப்பை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். இன்னொரு குழுவிடம் குறைத்துச் சொன்னார்கள். வேறொரு குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். முடிவில், எதிர்பார்ப்பு எப்படி இருந்ததோ அதற்கேற்ப அமைப்பைப் பற்றிய அபிப்பிராயம் மாறியது. ஆனால் அவர்கள் செய்து முடித்த வேலையின் தரம் மாறவில்லை.

இதை நன்றாகக் கவனிக்கணும். புகழ்ந்து சொல்வதாலோ இகழ்ந்து சொல்வதாலோ வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனசு மட்டும்தான் மாறியது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், நம் கையில் இருக்கிற போனே. 2016-இல் யுபிஐ வந்தது. டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், கிளாஸைக் கீழே வைப்பதற்குள் பணம் போய்ச் சேர்ந்து, கடைக்காரரின் ஸ்பீக்கர் சத்தமாகச் சொல்லியும் விடுகிறது. தினமும் இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ‘ஆன்லைன்’ என்றாலே ‘உடனே’ என்று பொருள் ஆகிவிட்டது.

ஆனால் யுபிஐயில் நடப்பது வேறு. உங்கள் வங்கியின் கம்ப்யூட்டரும் கடைக்காரரின் வங்கிக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. பணம் இருக்கிறதா, ரகசிய எண் சரியா என்று பார்த்தால் போதும். நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை இல்லை.

வருமானச் சான்றிதழில் அப்படி இல்லை. நீங்கள் போனில் ‘சமர்ப்பி’ என்று அழுத்தியதும் விண்ணப்பம் நொடியில் போய்விடும். அதுவரை யுபிஐ மாதிரிதான். அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர் பார்க்கணும். இந்தக் குடும்பம் இந்த ஊரில் இருக்கிறதா, சொல்லியிருக்கிற வருமானம் சரியா என்று விசாரிக்கணும். அப்புறம் வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் நிலையில் ஒப்புதல். அவர்கள் எல்லோருமே மனிதர்கள். பட்டா, வாக்காளர் பட்டியல், வெள்ள நிவாரணம் என்று வேறு வேலைகளும் அவர்களுக்கு உண்டு.

அதாவது, ஆன்லைன் ஆனது விண்ணப்பம் போகிற பாதை. விசாரணை இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பாதி எரிச்சல் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம், பழைய பழக்கம். சான்றிதழ் என்றால் பச்சை மையில் கையெழுத்து, மேலே வட்ட முத்திரை. இது நமக்குள் ஊறிப்போன விஷயம். இப்போது இ-சேவை மூலம் வருகிற சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அது உண்மையானதா என்று இணையத்திலேயே சரிபார்க்கவும் முடியும். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு, “சார், இதுல ஒரு சீல் மட்டும் குத்திக் கொடுங்க” என்று அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய முறை அவர்கள் பயணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. பழைய எதிர்பார்ப்பு மறுபடியும் பஸ் ஏற வைத்துவிட்டது.

மூன்றாவது காரணம், அக்கம்பக்கத்தார் பேச்சு. “எங்க மச்சானுக்கு ரெண்டே நாள்ல வந்துடுச்சு” என்று ஒருவர் சொன்னால் போதும், அதுவே ஊருக்கெல்லாம் அளவுகோல். மச்சானுக்கு எந்த மாதம் வந்தது, எந்தச் சான்றிதழ் என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கிற மே, ஜூன் மாதங்களில் சான்றிதழ்களுக்குக் கூட்டம் மொய்க்கும். மற்ற மாதத்தின் வேகத்தை அப்போது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நான்காவது காரணம், அறிவிப்புகள். இதை அரசின் பக்கமும் சொல்லித்தான் ஆகணும். ஒரு புதிய செயலி வரும்போது ‘ஒரே கிளிக்கில்’ என்று விளம்பரம் செய்வது எளிது. அந்த ஒரு சொல்லே பிறகு நூறு புகாருக்கு விதை போடும்.

ஒரே இணையதளம், இரண்டு அனுபவங்கள்

நம் எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு உதாரணம், கோவின் தளம். 2021 ஏப்ரல் 28 மாலை, 18 வயதைத் தாண்டிய எல்லோரும் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். முதல் நாளே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஒரு தகவல் அமைப்பாகப் பார்த்தால் அது பெரிய சாதனை.

ஆனால் மக்கள் பதிவுக்காகவா வந்தார்கள்? ஊசிக்காக வந்தார்கள். பெயர், ஆதார், ஓடிபி எல்லாம் கொடுத்து உள்ளே போனால், பக்கத்தில் எந்த மையத்திலும் இடம் இல்லை. தடுப்பூசி கையிருப்பே குறைவு. தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கான முகாம் மே 20 அன்றுதான் தொடங்கியது. ‘பதிவு செய்தால் நேரம் கிடைக்கும்’ என்று எண்ணியவர்கள் தளத்தைத்தான் திட்டினார்கள். இல்லாத ஊசியை எந்தத் தளமும் ஒதுக்கித் தர முடியாது.

அதே தளம், சில மாதம் கழித்து: ஊசி போட்டதும் குறுஞ்செய்தி, கொஞ்ச நேரத்தில் சான்றிதழ். ஸ்டேட்டஸில் போட்டு மகிழ்ந்தவர்கள் எத்தனை பேர்! சான்றிதழ் விஷயத்தில் தளம் கொடுத்த வாக்கும், தளத்தால் செய்ய முடிந்ததும் ஒன்றாக இருந்தன. இடம் ஒதுக்குவதில் அவை ஒன்றாக இல்லை. ஆகவே ஒரு சேவையைப் பற்றிக் கோபம் வரும்போது, “இது மென்பொருளின் குறையா, அதற்குப் பின்னால் இருக்கிற பொருளின் தட்டுப்பாடா?” என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

‘ஸ்மார்ட்’ என்றால் தவறாதா?

ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் ஸ்மார்ட் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. 2020 அக்டோபர் முதல், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு, கைரேகை வைத்துப் பொருள் வாங்குகிற முறையும் வந்தது.

கட்டட வேலை, வயல் வேலை செய்து விரல் ரேகை தேய்ந்துபோன அம்மாக்கள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் இயந்திரம் சில நேரம் ரேகையை ஏற்காது. “ஸ்மார்ட் கார்டுன்னாங்க, என் விரலையே தெரியலங்குது” என்று அவர்கள் சொல்வது வெறும் கோபம் இல்லை. ‘என் அரிசி போய்விடுமோ’ என்கிற பயம். ரேகை பதியவில்லை என்றால் பொருள் கிடையாது என்று நினைத்துத் திரும்பிப் போகிற ஒருவருக்கு, அந்த மாத அரிசியே கேள்விக்குறி ஆகிவிடுகிறது.

ரேகை பதியாவிட்டால் பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபி போன்ற மாற்று வழிகள் உண்டு. அது முன்கூட்டியே தெரிந்த வீட்டில், “ரேகை விழலையா, சரி, இந்தாங்க போன்” என்று வேலை முடிந்துவிடும். இயந்திரம் அதேதான். பயம் மட்டும் இல்லை. எந்த அமைப்பும் சில நேரம் தவறும் என்பதும், தவறினால் அடுத்த வழி என்ன என்பதும் நம் எதிர்பார்ப்பிலேயே சேர்ந்திருக்கணும்.

காத்திருப்பது கஷ்டம் இல்லை. தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம்

ரயில் டிக்கெட் எடுக்கிறோம். காத்திருப்புப் பட்டியலில் 23 என்று வருகிறது. பிஎன்ஆர் எண்ணைப் போட்டுத் தினமும் பார்க்கிறோம். 23 என்பது 14 ஆகிறது, 6 ஆகிறது, ஆர்ஏசி ஆகிறது. இன்னும் இடம் உறுதியாகவில்லை. ஆனால் மனம் பதறுவதில்லை. ஏன் என்றால், வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது. கிடைக்காது என்று தெரிந்தால் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யவும் நேரம் இருக்கிறது.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல், வரிசையில் காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் உண்மையில் ஆகிற நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்பது அவர் சொன்னவற்றுள் முக்கியமானது. பத்து நாள் ஆகும் என்று சொல்லிப் பத்து நாளில் கொடுத்தால் அது சேவை. ஒன்றும் சொல்லாமல் ஏழு நாளில் கொடுத்தால்கூட, அந்த ஏழு நாளும் தவிப்பு.

‘இல்லை’ என்று சொல்வதிலும் இதுவே பொருந்தும். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் சுமார் 1.06 கோடி மகளிர் தகுதியானவர்களாகத் தேர்வு செய்யப்பட்டார்கள். அப்படியானால் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று மளிகைக் கணக்குவரை போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது லேசான ஏமாற்றம் அல்ல. அப்போது ஏற்கப்படாததற்கான காரணம் குறுஞ்செய்தியில் அனுப்பப்பட்டது. அது தவறு என்று நினைப்பவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லப்பட்டது. காரணமும் அடுத்த வழியும் சேர்ந்து வந்தால், ‘இல்லை’ என்ற பதிலைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். வெறும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லைத்தான் தாங்கிக்கொள்ள முடியாது.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் போதுமா?

இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, “அப்போ எதையும் எதிர்பார்க்காம இருந்தா திருப்தியா இருக்கலாம்ங்கிறீங்களா?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில்: கூடாது. அது ஆபத்து.

முதலில் சொன்ன பெரியவரை நினைத்துப் பாருங்கள். எட்டு முறை அலைந்து பழகியவருக்கு மூன்று முறை அலைந்தால்கூட நல்ல சேவைதான். கருத்துக் கேட்டால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுவார். அலுவலகமும் ‘எல்லாம் நன்றாக நடக்கிறது’ என்று நினைத்துக்கொள்ளும். அந்த மூன்று முறை ஏன் அலைந்தார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். குறைந்த எதிர்பார்ப்பு, குறையை மூடி வைத்துவிடும். அதனால் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சேவையை எடைபோட முடியாது. எத்தனை நாள், எத்தனை நடை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இன்னும் பெரிய ஆபத்து, இடைத்தரகர். ‘அரசாங்க வேலை தானாக நடக்காது’ என்ற எதிர்பார்ப்பில்தான் அவர் பிழைப்பே இருக்கிறது. எப்படி என்று பாருங்கள். ஒருவர் விண்ணப்பித்து ஐந்து நாள் ஆகிறது. எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘எங்கேயோ மாட்டிக்கிச்சு’ என்று நினைத்து ஒரு தரகரிடம் பணம் கொடுக்கிறார். ஏழாவது நாள் சான்றிதழ் வருகிறது. அது வழக்கமான வேகத்தில், யார் தலையீடும் இல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் அவர் மனதில் என்ன பதிகிறது? ‘காசு கொடுத்தேன், வேலை நடந்தது.’ அதை ஊரெல்லாம் சொல்கிறார். அடுத்த முறை பத்துப் பேர் நேராகத் தரகரிடமே போகிறார்கள். விடை தெரியாத ஐந்து நாள், ஒரு நல்ல அமைப்பின் மீதான நம்பிக்கையையே தின்றுவிடுகிறது.

எனவே எதிர்பார்ப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சரியாக வைத்துக்கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியவை

விண்ணப்பிக்கும் முன்பு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு? என்னென்ன ஆவணம்? வழக்கமாக எத்தனை நாள்? யார் யார் சரிபார்ப்பார்கள்? இ-சேவை மையத்தில் இருப்பவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

பெயரைச் சரிபாருங்கள். நம் ஊரில் பெரிய தலைவலியே இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால், குடும்ப அட்டையில் அப்பா பெயர் முழுசாக. ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அவசரம் வருவதற்கு முன்பே ஆவணங்களில் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணையோ, மையத்தில் இருப்பவரின் எண்ணையோ கொடுத்தால், குறுஞ்செய்தி அவருக்குப் போகும். நீங்கள் ‘ஒரு தகவலும் வரலையே’ என்று காத்திருப்பீர்கள்.

விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையைப் பார்க்க அதுதான் சாவி. ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்பதும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்பதும் ஒன்று இல்லை. முதலாவது, ஏதோ ஒரு ஆவணம் அல்லது விளக்கம் கேட்கிறார்கள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் நாட்கள் வீணாகும்.

கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையான சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்குத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசி நாளில் சான்றிதழ் கையில் இல்லாமல் தவிப்பது உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

சொன்ன நாள் தாண்டியும் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். “மோசம்” என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. “இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், இந்த நிலையில் இத்தனை நாளாக நிற்கிறது” என்று சொன்னால், எங்கே அடைப்பு என்று தெரியும்.

சேவை தருகிற தரப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘உடனே’ என்று சொல்வதைவிட ‘இத்தனை நாளில்’ என்று சொல்லுங்கள். கூட்டமான மாதம் என்றால் அதையும் திரையிலேயே போட்டுவிடுங்கள். தாமதம் என்றால் காரணத்தை எளிய தமிழில் ஒரு வரியில் அனுப்புங்கள். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

ஒரு செயலியை வடிவமைப்பவர் ஒரு பாதியைத்தான் செய்கிறார். அதைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவதும், நாம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் மறுபாதி. உரிமையைக் குறைத்துக் கேட்காதீர்கள். நடைமுறையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். அப்படிக் கேட்கிற மக்கள் இருக்கிற ஊரில் தரகருக்கு வேலை இருக்காது, அலுவலகத்துக்கும் அலட்சியமாக இருக்க இடம் இருக்காது.